நீலம் நாலு குறை

கேமரா வாடகைக்கு விடும் அந்தக் கடை வாசலில் ஆளுயரத்துக்குப் பெயர்ப் பலகை உண்டு. ஆனால் அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. "செட்டிங் அக்காகிட்ட போ" என்பார்கள், முடிந்தது. அக்காவுக்கு வயது முப்பத்தொன்பது. கண்ணாடிக் கவுன்ட்டருக்குப் பின்னால் உயரமான ஸ்டூலில் ஒரு காலை மடித்துப் போட்டு உட்கார்ந்திருப்பாள். எதிரே லென்ஸ் துடைக்கும் துணி, தூசி ஊதும் ரப்பர் பந்து, யார் யாரோ கொடுத்துவிட்டுப் போன பழைய விசிட்டிங் கார்டுகள் ஒரு கட்டு. அந்தக் கார்டுகளின் பின்பக்கத்தில்தான் அவளுடைய வித்தை முழுவதும் இருந்தது.

வித்தை இதுதான். டிஜிட்டல் கேமராவில் எடுக்கிற படம் பிறக்கும்போதே ஃபிலிம் படமாகப் பிறக்க வேண்டும். எடுத்த பிறகு கம்ப்யூட்டரில் போட்டு உருட்டிப் புரட்டுகிற வேலையெல்லாம் அவளுக்கு ஆகாது. "உப்பில்லாம சமைச்சுட்டுத் தட்டுல தூவற கதை அது" என்பாள். கேமராவின் மெனுவுக்குள் நுழைந்து இதைக் கொஞ்சம் கூட்டி, அதைக் கொஞ்சம் குறைத்து, ஏழே வரியில் எழுதிக் கொடுத்துவிடுவாள். வாங்கிப் போனவர்கள் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. வந்தால் விட்டிருக்கவும் மாட்டாள்.

போன மாதம் கல்யாணப் படம் எடுக்கும் ஒருவர் வந்தார். முடியை உச்சியில் சுருட்டிக் கட்டியிருப்பதால் கடையில் அவருக்குக் குடுமி என்று பெயர்.

"அக்கா, ஃபிலிம் லுக் வேணும்."

"எந்த ஃபிலிம்?"

"அதான்க்கா, பழைய ஃபிலிம்."

"செருப்புக் கடைக்குப் போய் செருப்பு வேணும்னு மட்டும் சொல்லிட்டு நிப்பீங்களா? கால் அளவு சொல்ல வேண்டாமா? வெளியில எடுக்கப் போறீங்களா, மண்டபத்துக்குள்ளயா? பொண்ணு என்ன கலர்ல உடுத்துது? முகம் கறுப்பா, மாநிறமா?"

குடுமி தலையைச் சொறிந்துகொண்டே போனில் ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். மணமகள், மாலை, சுவர், எல்லாமே மஞ்சள்.

"இது ஃபிலிம் இல்ல தம்பி. வெயில்ல கிடந்த காலண்டர்."

குடுமிக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் கார்டை வாங்காமல் போகவில்லை. ஒயிட் பேலன்ஸ் வெயில், அதில் சிவப்பு இரண்டு கூட்டு, நீலம் இரண்டு குறை என்று தொடங்கியது கார்டு. நீலத்தைக் குறைத்தால் மஞ்சள் தானாக ஏறும், தனியாகக் கொட்ட வேண்டியதில்லை. நிழல் ஒன்று குறை என்றால் கறுப்பு கரியாக அப்பிக்கொள்ளாமல் கொஞ்சம் மூச்சு விடும். ஷார்ப்னெஸ் இரண்டு குறை, ஏனென்றால் மனிதர் முகத்தில் மயிர்க்கால் எண்ணுகிற வேலை கேமராவுக்கு இல்லை. கிரெயின் லேசாக. "லேசா"வுக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள். இந்த ஆட்களுக்கு லேசு என்றால் என்னவென்று தெரியாது. பொரி பொரியாகத் தெரிந்தால்தான் ஃபிலிம் என்று நினைப்பு. அவளுக்கு அதைக் கண்டாலே எரியும். எனக்கும் எரியும், அதை விடுங்கள்.

இத்தனையும் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்றால், பத்தொன்பது வயதில் கலர் லேபில் பிரின்ட் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தவள். மஞ்சள், மெஜந்தா, சயான், அடர்த்தி என்று நாலு வரிசைப் பொத்தான். நெகட்டிவ் ஒன்று திரையில் வந்து நிற்கும். ஒரு மூச்சு விடுவதற்குள் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று முடிவுசெய்து தட்ட வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரம் முகம். பதினோரு வருஷம். லேப் மூடியபோது கூட இருந்தவர்கள் கண்ணைக் கசக்கினார்கள். இவள் ஒரு சொட்டு விடவில்லை. அந்த மருந்து நாற்றம் அவளுக்குத் தினமும் தலைவலியைக் கொடுத்தது. "ஃபிலிம் போனாப் போகட்டும், கண்ணு எங்கிட்டதான இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுவாரமே இந்த ஸ்டூலில் வந்து ஏறிவிட்டாள்.

அப்படிப்பட்டவளைத் தேடி ஒரு நாள் மத்தியானம் அவளுடைய தங்கை வந்தாள். தங்கைக்கு முப்பத்தொரு வயது. இடுப்பில் ஏழு மாதப் பெண் குழந்தை. குழந்தை வந்ததும் வராததுமாகக் கவுன்ட்டரில் இருந்த லென்ஸ் மூடி ஒன்றை வாயில் வைத்துக்கொண்டது.

"பார்க்கிறவங்க எல்லாம் ஒரே வார்த்தை சொல்றாங்க, அக்கா. பாப்பா என்னை அப்படியே உரிச்சு வச்சிருக்காம்."

"உண்மைதான. மூக்கைப் பாரு, அதே சப்பை மூக்கு."

"எனக்கு எப்படித் தெரியும்? ஒத்துப் பார்க்க ஒரு படம் இருக்கா?"

அக்கா ரப்பர் பந்தை எடுத்து, தூசியே இல்லாத லென்ஸ் ஒன்றை ஊத ஆரம்பித்தாள்.

படம் இல்லை என்பது உண்மை. அப்பா மின்சார மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலையில் இருந்தவர், ஆனால் கையில் எப்போதும் கேமரா. மூத்தவள் குப்புறக் கவிழ்ந்தது, தவழ்ந்தது, முதல் பல், முதல் செருப்பு என்று ஆல்பம் ஆல்பமாக இருந்தது. இளையவளின் முதல் படமோ நாலு வயதில், பள்ளிக்கூட வாசலில், அழுதுகொண்டு. அதற்கு முன்னால் அவள் என்று ஒருத்தி பிறந்ததற்கே சாட்சி கிடையாது.

"பாப்பாவை அப்பா எடுத்த மாதிரியே எடுத்துக் குடு. அதே கலர், அதே ஜன்னல். ஆல்பத்துல என்னோட இடம்தான் காலியாக் கிடக்கே, அங்க ஒட்டிக்கறேன். நான்தான்னு நினைச்சுக்கறேன்" என்றாள் தங்கை. கொஞ்சம் சிரித்தாள். "அப்பா கை தவறி கேமரா விழுந்து, எடுத்த படமெல்லாம் போச்சாம், யார் நம்பறது. உன்னை எட்டு வருஷம் எடுத்தப்ப ஒரு தடவைகூடத் தவறாத கை, ரெண்டாவதும் பொண்ணுன்னதும் தவறிடுச்சு. ரொம்பப் பொருத்தமான கை."

"அப்படிப் பேசாதடி."

"அவர் போய் அஞ்சு வருஷம் ஆச்சு. இனிமே என்ன. எடுத்துக் குடுப்பியா, மாட்டியா?"

"எடுத்துக் குடுக்கறேன். அப்பா எடுத்ததுதான்னு நீயே சத்தியம் பண்ணுவ பாரு" என்று அடித்துச் சொன்னாள் அக்கா. தன் வேலையைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவளுக்குக் குரல் தடுமாறாது.

கேமரா கை தவறி விழவில்லை. அது தெரிந்த ஒரே ஆள் இப்போது உலகத்தில் அந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அப்போது அவளுக்கு எட்டு வயது. தங்கைக்கு ஏழு மாதம். அப்பா ஒவ்வொரு படம் எடுத்ததும் கேமராவை அவளிடம் நீட்டுவார்; கட்டைவிரலால் நெம்புகோலைத் தள்ளி ஃபிலிமை நகர்த்துவது அவள் பொறுப்பு. தள்ளிவிட்டு எண்ணையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். பிறந்ததிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவந்த அந்த ரோல் முழுக்கத் தங்கைதான். முப்பத்தாறு என்று அவள் கத்தியதும் அப்பா சிரித்துவிட்டு, குளித்துவிட்டு வந்து ரோலைச் சுற்றி எடுக்கலாம் என்று கேமராவை மேசையில் வைத்துவிட்டுப் போனார். எட்டு வயதுக்கு அதுவரை பொறுக்குமா? உள்ளே பாப்பா எப்படி இருக்கிறாள் என்று பார்க்க வேண்டும். குமிழை இழுத்தாள், பின்மூடி திறந்தது. சுருளை ரிப்பன் மாதிரி உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பாப்பா இல்லை. எதுவுமே இல்லை. சரி, உள்ளே அந்தச் சின்னக் கறுப்புத் திரைக்குப் பின்னால் ஒளிந்திருக்கலாம் என்று விரலை விட்டுக் குத்தினாள். திரை கிழிந்தது. ரோலும் போயிற்று, கேமராவும் போயிற்று.

காதோரம் சோப்பு நுரையோடு வந்த அப்பா அவளை அடிக்கவில்லை. ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு சுருளை எடுத்து, பாம்பு மாதிரி நெளிந்ததைக் கையில் சுற்றி, மூடியை மூடினார். "நான் கீழ போட்டுட்டேன்னு சொல்லிக்கறேன். நீ வாயைத் திறக்காத" என்றார். அவள் திறக்கவில்லை. முப்பது வருஷமாகத் திறக்கவில்லை. அடுத்த கேமரா வீட்டுக்குள் வருவதற்குள் தங்கைக்கு நாலு வயதாகிவிட்டது.

ஊருக்கெல்லாம் ஃபிலிம் கலரை எழுதிக் கொடுக்கிறவள் அப்பாவின் கலரை மட்டும் ஒரு கார்டிலும் எழுதியதில்லை. எழுதப் பயம், அவ்வளவுதான். இப்போது தங்கையே வந்து கேட்டுவிட்டாள். பூசி மெழுகிவிடலாம், அந்தக் காலியிடத்தை ஒரு நல்ல படத்தால் அடைத்துவிட்டால் சொல்லாமலே கணக்குத் தீர்ந்துவிடும் என்றும் ஒரு நினைப்பு அவளுக்கு இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

முதல் முயற்சி சந்தி சிரித்தது. அவள் ஆல்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் தன் படங்கள் எந்த நிறத்தில் இருந்தனவோ அதே நிறம் வரும்வரை மெனுவில் கூட்டிக் குறைத்தாள். நீலம் ஏழு குறை, சிவப்பு ஐந்து கூட்டு. அச்சு அசலாக ஆல்பத்தின் நிறம் வந்துவிட்டது. குழந்தையைப் படுக்கவைத்து எடுத்து, பெருமையாகத் தங்கை கணவரிடம் காட்டினாள். அவர் மருந்துக் கடை வைத்திருப்பவர், அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர்.

"தப்பா நினைக்காதீங்க, அக்கா. இந்தக் கலர்ல ஒரு பிள்ளை என் கடைக்கு வந்தா, மருந்து குடுக்க மாட்டேன். நேரா டாக்டர்கிட்ட அனுப்பிடுவேன்."

"காமாலையா?"

"முத்தின காமாலை."

அவளுக்குச் சுருக்கென்றது. வெயிலில் கிடந்த காலண்டர் என்று குடுமியைக் கிழித்தவள் தானே அந்தக் காரியத்தைச் செய்திருக்கிறாள். ஆல்பத்தில் இருந்தது அப்பாவின் நிறமே இல்லை. பசைத்தாளும் பிளாஸ்டிக் உறையும் முப்பது வருஷமும் சேர்ந்து செய்த நிறம். லேபில் பதினோரு வருஷம் உட்கார்ந்தவள் பிரின்ட்டை நம்பிவிட்டு நெகட்டிவை மறந்துபோனாள். குடுமியிடம் சொன்னால் உச்சி முடி அவிழும் அளவுக்குச் சிரிப்பார். சொல்லவில்லை.

மறுநாள் அம்மா வீட்டு அலமாரியில் அப்பாவின் பழைய கணக்குப் பையைத் தேடி எடுத்தாள். நெகட்டிவ்கள் லேப் உறைகளில் அப்படியே, வெளிச்சம் படாமல் இருந்தன. டேப்லெட் திரையை வெள்ளையாக்கி அதன்மேல் ஒன்றை வைத்தவள் உடனே புருவத்தைத் தூக்கினாள். நெகட்டிவ் கெட்டியாக இருந்தது, கறுப்பாக, சாதாரணத்தைவிட நிறையவே. அடுத்ததும் அப்படி. பை முழுக்க அப்படி. நெகட்டிவ் கெட்டியாக இருந்தால் ஒளி அதிகம் விழுந்திருக்கிறது என்று பொருள். ஒரு தடவை என்றால் கை தவறியது எனலாம், எட்டு வருஷமும் என்றால் வேண்டுமென்றே செய்தது. அவளுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. கேமராவில் ஒளி அளக்கும் மீட்டரின் முள்ளைப் பார்த்துவிட்டு, அதற்கு மேலும் ஒரு பல் ஒளியைத் திறந்துவிட்டு அப்பா சொல்வார்: "லேப்காரன் நம்ம மூஞ்சியக் கரியாக்கிடுவான். பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் தாராளமாவே விடுவோம்."

அதுதான் அப்பாவின் செட்டிங். அவளுடைய ஏழு வரிக்குள் வராத எட்டாவது வரி. எக்ஸ்போஷர், அதாவது உள்ளே விடும் ஒளி, மூன்றில் இரண்டு கூட்டு என்று எழுதினாள். அதை வைத்ததும் மற்றதெல்லாம் தானாக இடம் பிடித்துக்கொண்டது. சிவப்பு இரண்டு கூட்டு, நீலம் நாலு குறை, ஹைலைட் ஒன்று குறை, நிழல் ஒன்று குறை, கலர் இரண்டு கூட்டு. பதினோரு கார்டு கிழிந்தது, பன்னிரண்டாவது நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், அம்மா வீட்டில், கிழக்கு ஜன்னலுக்குக் கீழே ஒரு வெள்ளைப் போர்வையை விரித்தாள். குழந்தைக்கு வெறும் வெள்ளைச் சட்டை. மார்பில் கரடி படம் போட்ட உடுப்பையெல்லாம் கழற்றச் சொல்லிவிட்டாள். வளர்ந்தவர்கள் நின்றுகொண்டு குழந்தையைக் கீழ்நோக்கி எடுப்பார்கள். அப்பா தரையில் குப்புறப் படுத்துத்தான் எடுப்பார், அவளும் படுத்தாள். முட்டி வலித்தது. குழந்தை போர்வையின் ஓரத்தை வாயில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தது. ஒன்றே ஒன்றுதான் எடுத்தாள். கேமரா முதுகுத் திரையைப் பார்க்கக்கூட இல்லை. சரியாக வந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

வந்துதான் இருந்தது. மறுவாரம் மினுக்கில்லாத தாளில், ஆல்பம் அளவில் பிரின்ட் போட்டு எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள். தங்கை அடுப்படியில் பால் ஆற்றிக்கொண்டிருந்தாள். அம்மா கூடத்தில் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா படத்தை மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள், அவ்வளவுதான்.

"பெரியவளே, இது எங்கடி கிடைச்சுது?"

அம்மா படத்தை இரண்டு கையிலும் பிடித்திருந்தாள். மடியில் இருந்த துணி கீழே விழுந்தது.

"கேமரா விழுந்து எல்லாம் போச்சுன்னுதான உங்கப்பா சொன்னாரு? இந்த ஒண்ணு மட்டும் எப்படித் தப்பிச்சுது? பாரு சின்னவள, போர்வையத் தின்னுட்டு இருக்கா. எப்பவும் இதே வேலைதான் இவளுக்கு."

செட்டிங் அக்காவின் இருபது வருஷத் தொழிலில் இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது. பெற்ற தாயையே நம்பவைத்துவிட்டாள். இன்னொரு நாளாக இருந்தால் கடை வாசலில் போஸ்டர் ஒட்டியிருப்பாள்.

தங்கை அடுப்படியிலிருந்து வந்து படத்தை எட்டிப் பார்த்தாள். "அது நான் இல்லம்மா. உன் பேத்தி. போன ஞாயித்துக்கிழமை அக்கா இங்கதான் எடுத்தா" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே உடைந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏண்டி, படம் நல்லா இல்லையா?" என்றாள் அக்கா.

"நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. அதான் தாங்கல. இப்படி ஒண்ணு எடுக்க ஒரு நிமிஷம் ஆகுமா? அந்த ஒரு நிமிஷம் எனக்காக அவருக்குத் தோணலையே. ஒட்டிக்கலாம்னு நினைச்சேன், அக்கா. ஒட்டினா இன்னும் பொய்யா இருக்கும்."

பூசி மெழுகின இடம் விரிசல் விட்டுவிட்டது. படம் எவ்வளவு நன்றாக வந்ததோ அவ்வளவுக்கு வலி பெரிதாகிவிட்டது என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.  

"தோணாம இல்லடி" என்றாள். "எடுத்தாரு. ஒரு ரோல் முழுக்க உன்னையே எடுத்தாரு. கேமரா விழவே இல்ல. நான்தான் மூடியத் திறந்தேன். நீ உள்ள எப்படி இருக்கன்னு பார்க்கறதுக்காக ஃபிலிமை உருவிட்டேன். விரலை விட்டுக் கேமராவுக்குள்ள இருந்த திரையையும் கிழிச்சுட்டேன். அப்பா எனக்காகப் பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிட்டாரு."

 தரையில் கிடந்த குழந்தை கீழே விழுந்த துணியை இழுத்துக்கொண்டிருந்தது.

"அடப் பாவி" என்றாள் அம்மா மெதுவாக. "கையில ஒரு பொருள் நிக்காதுன்னு அந்த மனுஷனச் சாகற வரைக்கும் திட்டினேனே. ஒரு வார்த்தை சொல்லலையே."

தங்கை அம்மாவைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தாள்.

"எட்டு வயசுல பயந்த, சரி. முப்பத்தொம்பது வயசுலயுமா?"

அக்கா குனிந்து கீழே கிடந்த துணி ஒன்றை எடுத்தாள். 

"எத்தனை தடவை உன் எதிர்ல அவரைப் பேசியிருக்கேன். ஆஸ்பத்திரியில அவர் கிடந்தப்பகூட மனசுல வச்சுக்கிட்டுத்தான் பக்கத்துல நின்னேன். நீ கேட்டுட்டுத்தான இருந்த."

"கேட்டுட்டுத்தான் இருந்தேன். தப்பு என்னுதுதான், குட்டி. அவருது இல்ல."

தங்கை திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றாள். தோள் குலுங்கியது. கிட்டப் போகலாமா என்று அக்கா ஒரு அடி வைத்தாள். வராதே என்று தங்கை கையை மட்டும் பின்னால் காட்டினாள். அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அடுப்படியில் ஆறிய பால் ஏடு கட்டிக்கொண்டிருந்தது, யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"ஒரு ரோல்னா எத்தனை?" என்றாள் தங்கை, சுவரைப் பார்த்தபடியே.

"முப்பத்தாறு."

"முப்பத்தாறும் நானா?"

"முப்பத்தாறும் நீதான். உன் மேல உட்கார்ந்த ஈயைக்கூட விரட்டிட்டுத்தான் எடுத்தாரு. அவர் எடுக்க எடுக்க நான்தான் நகர்த்தினேன். எண்ணிச் சொன்னதும் நான்தான்."

தங்கை திரும்பினாள். முகம் நனைந்திருந்தது, கோபமும் அதில் அப்படியே இருந்தது. மேசைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சொல்லு. முதல் படம் என்ன?"

அக்காவும் உட்கார்ந்தாள். "முதல் படம், நீ தூங்கற. வாய் திறந்திருக்கு. ரெண்டாவதும் அதேதான், கிட்ட வந்து எடுத்தாரு, காது மட்டும் பெரிசாத் தெரியும். மூணாவதுல முழிச்சுட்ட. நாலு, அம்மா தோள்ல, அம்மாவோட தலை வெட்டுப்பட்டிருக்கும், அவருக்கு உன் முகம்தான் வேணும்னு சொன்னாரு. அஞ்சு, தும்மற. ஆறு, தும்மி முடிச்சுட்டு எங்களை முறைக்கற."

"என் தலை வேண்டாம்னு சொன்னது நிஜம்தான்" என்றாள் அம்மா. "அப்பவே சண்டை போட்டேன்."

ஏழு, எட்டு என்று சொல்லிக்கொண்டே போனாள். தங்கை ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தாள். சிலவற்றை மறுபடி சொல்லச் சொன்னாள். எந்தப் பக்கம் பார்க்கிறேன், கையில் என்ன வைத்திருக்கிறேன், ஜன்னல் தெரிகிறதா என்று கேட்டுக் கேட்டு வாங்கினாள். பதினாறாவது படத்தில் குழந்தை முதல் தடவையாகத் தானாக உட்கார்ந்து பக்கவாட்டில் சரிந்தது. பதினேழில் அக்கா நின்றுவிட்டாள். நெற்றியைத் தேய்த்துப் பார்த்தாள்.

"பதினேழு ஞாபகம் வரல. பதினெட்டுக்குப் போயிடவா?"

"வேண்டாம்" என்றாள் தங்கை. "நல்லா யோசி. எனக்கு முப்பத்தாறும் வேணும்."